கழுத்தில் அட்டை இல்லாதவர்

"யாரும்மா அந்தக் கட்டம் போட்ட சட்டை?"

துறைத்தலைவர் கண்ணாடிக் கதவு வழியே விரல் நீட்டினார். பொறியியல் அறையின் கடைசி வரிசையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"தெரியலையே சார்" என்றாள் உதவிப் பேராசிரியை.

இரண்டு நாள் ஆராய்ச்சி மாநாடு. பொறியியல், சமூகவியல், நுகர்வோர் நடத்தை, மருத்துவம் என்று நான்கு அறைகள், எண்பது கட்டுரைகள். மொத்தத்தையும் இழுத்துப் போட்டுச் செய்துகொண்டிருந்தவள் அவள்தான்.

"கழுத்துல அட்டை இல்ல. நேத்து மருத்துவ அறையில இருந்தார். காலையில நுகர்வோர் அறையில. மனுஷன் எதைத்தான் ஆராய்ச்சி பண்றார்?"

"மத்தியானச் சாப்பாட்டை சார்."

துறைத்தலைவர் சிரிக்கவில்லை. "கண்டவங்களும் உள்ள நுழைஞ்சா நமக்குத்தான் கெட்ட பேரு. கவனிங்க."

அவள் சத்தமில்லாமல் கதவைத் திறந்தாள். பாலத்தில் விரிசல் விட்டிருப்பதைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பது எப்படி என்று ஓர் இளைஞன் பேசி முடித்திருந்தான். கேட்டவர்கள் மூன்று பேர். அதில் இரண்டு பேர் தங்கள் முறைக்காகக் காத்திருப்பவர்கள். மூன்றாவது, கட்டம் போட்ட சட்டை.

அவர் கை தூக்கினார். "தம்பி, நீங்க இதைக் கண்டுபிடிக்கறதுக்கு முன்னால என்ன பண்ணிட்டிருந்தாங்க?"

இளைஞன் முகம் மலர்ந்துவிட்டது. "அருமையான கேள்வி சார்!" என்று ஐந்து நிமிடம் பதில் சொன்னான்.

அவளுக்குப் பொறி தட்டியது. படுக்கையிலிருந்து எழுந்ததும் ஏன் தலை சுற்றுகிறது என்று நேற்று பேசிய டாக்டரம்மாவிடமும் இதே கேள்விதான். கடையில் பக்கத்து வரிசை மட்டும் ஏன் வேகமாக நகர்வதாகத் தோன்றுகிறது என்று காலையில் பேசியவரிடமும் இதேதான். அவர்களும் அருமையான கேள்வி என்றுதான் சொன்னார்கள். ஒரே சாவியை வைத்துக்கொண்டு எல்லாப் பூட்டையும் திறக்கிறாரே!

வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

"நீங்க எந்தப் பல்கலைக்கழகம்?"

"எதுவும் இல்லீங்க."

"கட்டுரை படிக்கறீங்களா?"

"நமக்கு அதெல்லாம் வராதுங்க."

"அப்போ உள்ள என்ன வேலை?"

"சும்மா உக்காந்து கேக்கறேன். தப்புங்களா?"

"சாப்பாட்டு மணி அடிக்கற வரைக்கும் கேப்பீங்க, அப்புறம் ஆளைக் காணோம். எத்தனை பேரைப் பாத்திருக்கேன்! மரியாதையா கிளம்பிடுங்க. காவலாளியைக் கூப்பிட வைக்காதீங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

ஒரு தலைவலி தீர்ந்தது என்று அவள் அடுத்த வேலையைப் பார்க்கப் போனாள்.

நாலு மணிக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். நாலேகாலுக்குக் கட்டடமே துடைத்துவிட்டது போலாகிவிட்டது. சான்றிதழ் கைக்கு வந்த பிறகு யார் உட்கார்ந்திருப்பார்கள்?

சமூகவியல் அறையில் நாலரை மணிக்குக் கடைசிக் கட்டுரை. அது அவளுடையது. விருந்தினர்கள் முதலில் படிக்கட்டும் என்று பெருந்தன்மையாகத் தன் பெயரைக் கடைசியில் போட்டிருந்தாள்.

அறையில் ஐம்பது நாற்காலிகள். தலைமை வகிக்க வந்த ஓய்வுபெற்ற பேராசிரியர். மைக் செட்காரர். அவ்வளவுதான்.

"யாரும் வரலையேம்மா" என்றார் பேராசிரியர்.

"நீங்க இருக்கீங்களே சார். மைக் அண்ணனும் இருக்கார்."

"நாங்க பணியில இருக்கறவங்க, கணக்குல வர மாட்டோம். வெளியாள் ஒருத்தராவது கேட்டாத்தான் உங்க சான்றிதழ்ல நான் கையெழுத்துப் போடலாம்னு விதிமுறை சொல்லுது. எழுதினதே நீங்கதானே?"

அவள்தான் எழுதியிருந்தாள். கட்டுரை படிக்காமலே சான்றிதழோடு நழுவுகிறவர்களைப் பிடிப்பதற்கு. இப்போது அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் அவளுடைய பதவி உயர்வு இன்னும் ஒரு வருடம் தள்ளிப் போகும்.

மைக் செட்காரர் தொண்டையைக் கனைத்தார். "நாற்காலிக்காரர் உள்ள இருந்தா வந்து கேட்டிருப்பார் மேடம்."

"எந்த நாற்காலிக்காரர்?"

"கட்டம் போட்ட சட்டை போட்டிருப்பாரே, அவர்தான். எல்லா விழாவுக்கும் நான் மைக்கு, அவர் நாற்காலி. இதெல்லாம் ஆபீஸ் மூலமா அவர் வாடகைக்கு விட்டதுதான். அஞ்சு மணிக்கு ஏத்தணும்னு கீழ லாரியில உக்காந்திருக்கார்."

"அவர் எதுக்கு உள்ள வந்து..."

"போன வருஷம் ஒரு பொண்ணு காலி அறையில படிச்சு முடிச்சிட்டு, மூலையில நின்னு அழுதுதாம். அதுலேர்ந்து இப்படித்தான். 'ராத்திரி பகலா உழைச்சிட்டு வந்து, பிள்ளைங்க என் நாற்காலிங்ககிட்ட பேசிட்டுப் போகுதுங்க. நாற்காலிக்கு என்ன புரியும்? எனக்கும் புரியாதுதான், ஆனா தலையாட்டவாவது தெரியுமே'ம்பார்."

"அப்போ சாப்பாடு..."

"அவரா? வீட்டுலேர்ந்து டப்பா கொண்டு வந்துடுவார் மேடம்."

அவள் மூன்று மாடியும் ஓடி இறங்கினாள்.

லாரிப் படியில் உட்கார்ந்திருந்தவர் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "லாரியை இங்க நிறுத்தக் கூடாதுங்களா?"

"இல்லீங்க ஐயா. காலையில நான் பேசினது தப்பு. இப்போ... என் கட்டுரை. கேக்கறதுக்கு ஒரு ஆள் கூட இல்ல."

மேற்கொண்டு அவளைப் பேச விடாமல், "அட, வாங்க வாங்க" என்று முன்னால் படியேறினார்.

அறை வாசலில் நின்று கேட்டார். "தலைப்பு என்னங்க?"

அவள் கேட்காதது போலக் கதவைத் தள்ளித் திறந்தாள்.

"வாயில நுழையாத பேரா? பரவாயில்ல, சொல்லுங்க."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "'முன்பின் தெரியாதவர்களைப் படித்தவர்கள் ஏன் சந்தேகப்படுகிறார்கள்? ஓர் ஆய்வு.'"

அவர் சிரிக்கவில்லை.

"ரொம்பத் தேவையான ஆராய்ச்சிங்க" என்று சொல்லிவிட்டு, முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்.