வாசலில் இரண்டு ஜோடி

புயல் எங்கே கரையைக் கடக்கும் என்று கணக்குப் போடுவதற்காக நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களைக் கோத்து வைத்திருந்த அந்தக் குளிர் அறைக்குள் ஒற்றை ஆளாகப் போகக்கூடாது என்பது சட்டம். தீப்பிடித்தால் தலைமை ஆபீசிலிருந்தே வாயுவைத் திறந்துவிடுவார்கள். தீயும் அணையும், உள்ளே இருக்கிறவன் மூச்சும் நிற்கும். அங்கே தங்கப்பழத்தோடு வேலை பார்த்த சவரிமுத்து செத்துப்போன பிறகு கான்ட்ராக்டர் வேறு ஆள் போடவில்லை, தலைமை ஆபீசுக்கும் சொல்லவில்லை. கள்ளப் பயல். சொன்னால் தங்கப்பழத்தின் வேலையும் போகும். தலைமை ஆபீசில் பார்க்கிற கேமராவில் வாசல் தரை மட்டும்தான் தெரியும் என்பதால், சவரிமுத்து விட்டுப்போன செருப்பைத் தன் செருப்புக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு உள்ளே போவார். பழுதான கம்ப்யூட்டரை உருவி வேறொன்றைச் செருகும்போது, விசிறிகளின் இரைச்சலில் அவர் தும்மல் அவருக்கே கேட்காது.

"ரெண்டு பேரும் இருக்கீங்கல்ல அண்ணாச்சி?" என்று தலைமை ஆபீசிலிருந்து என்ஜினீயர் பூங்கோதை போனில் கேட்பாள்.

"அவன் எங்க போவான்? இங்கனதான் கெடக்கான்."

அன்று மத்தியானம் பின்வரிசையில் புகை கிளம்பியது. தங்கப்பழம் இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்து, கதவைச் சாத்தி, செருப்பை மாட்டிக்கொண்டு போன் போட்டார்.

"வாயுவத் தொறந்து விடும்மா, எரியுது!"

"எப்படித் தொறக்க? இன்னொரு ஜோடி அப்படியே கெடக்கே! அவரு உள்ளதான் இருக்காரு. கூப்பிடுங்க அண்ணாச்சி!" பூங்கோதை அழுதுவிடுவாள்போல் இருந்தது.

கண்ணாடிக்குப் பின்னால் புகை கறுத்துக்கொண்டு வந்தது. உள்ளதைச் சொல்லிவிடத்தான் தங்கப்பழம் வாயைத் திறந்தார். ஆனால் கை போய்க் கதவைத் தட்டியது.

"ஏலே சவரிமுத்து! வெளிய வாலே!"