ஐந்நூறு மைலுக்கு ஒரு தரம்

“ஆயிரம் மைலுக்கு ஒரு தபா ஆயில் மாத்தினா போதும்மா,” என்றான் டிரைவர் வேம்புலி.

“ஐந்நூறுக்கே மாத்தணும்னு ஐயாகிட்ட சொல்லு,” என்றாள் சாமுண்டீஸ்வரி.

அது 1938. அம்பத்தூரில் சொந்தக் கார் வைத்திருந்த ஓரிருவரில் அவள் கணவர் ஜானகிராம முதலியாரும் ஒருவர். அவர் சொல்லாமல் அவள் தெருவாசலைத் தாண்ட முடியாது. ஆனால் கார் விஷயமென்றால் மனிதர் இளகிவிடுவார்.

“இங்க விக்கிற ஆயிலு தண்ணியா கீதுங்க. பட்டணத்துப் பட்டறையில கெட்டியான சீமை ஆயில் ஊத்தலாம். நானும் கூடப் போறேன். பக்கத்துல நிக்கலன்னா ஏமாத்திடுவானுங்க,” என்றாள் அவரிடம்.

மனைவியின் அக்கறையில் முதலியார் பூரித்துப்போனார். நான்கு முறை அனுப்பியும் வைத்தார்.

ஐந்தாம் முறை அவள் புடவை மாற்றிக்கொண்டு வந்தபோது, வாசலில் ஒரு பீப்பாயை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

“அதே சீமை ஆயில்! ரெண்டு வருசத்துக்கு வரும். இனிமே நீ பட்டணத்துக்கு அலைய வேணாம், சாமுண்டி. இங்கியே உன் கண்ணெதிர்ல ஊத்தட்டும்,” என்றார் முதலியார் பெருமையாக.

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

வேறு சாதிக்காரனைக் கட்டிக்கொண்டாளென்று அவர் தலைமுழுகிய மகள், அந்தப் பட்டறையின் பின்சந்தில் கைக்குழந்தையோடு வழி பார்த்துக்கொண்டிருப்பாள். போன தடவை கிளம்பும்போது சாமுண்டீஸ்வரி அவளிடம், “அடுத்த ஆயிலுக்கு வரேன்டி,” என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.