கண்ணாடியில் படிந்த ஆவி

தாத்தா போரில் ஓட்டிய விமானத்தின் முன்னால், அருங்காட்சியகக் கூடத்தில், அவருக்கு நினைவுக் கூட்டம் நடந்தது. "எங்கப்பாவுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது!" என்று ஒலிபெருக்கியில் முழங்கினார் பெரியப்பா. பேத்திக்குச் சிரிப்பு வந்தது. பல்லியைக் கண்டால் தாத்தா கட்டில்மேல் ஏறிக்கொண்டு அவளைத்தான் கூப்பிடுவார். ஆஸ்பத்திரியிலும் அவளைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தாராம். அவள் அங்கே போனபோது முகத்தை மூடியிருந்தார்கள். கடைசி நேரத்தில் பக்கத்தில் இல்லாமல் போனது இன்னும் அவளை அறுத்துக்கொண்டிருந்தது.

கூட்டம் முடிந்ததும் பெரியப்பா போட்டோவுக்காக விமானி இருக்கையில் இறங்கப் பார்த்தார். தொப்பை சம்மதிக்கவில்லை.

"சின்னதாக் கட்டித் தொலைச்சிருக்கான்," என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"உங்கப்பா சரியாத்தான் உக்காந்திருக்காருங்க," என்றார் காவலாளி.

"சரி, நீ ஏறும்மா. நீதான் அவர மாதிரி குச்சி."

அவள் ஏறி உட்கார்ந்தாள். காவலாளி மேல்கண்ணாடியை இழுத்து மூடியதும் வெளியே கேட்ட சத்தம் அடங்கியது. எதிரே கண்ணாடியில் ஆவி படிந்து மறைந்தது. தன் மூச்சுதான் என்று நினைத்து, கைக்குட்டையால் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டாள். அப்படியும் ஆவி படிந்தது, மறைந்தது, மறுபடி படிந்தது.

பெரியப்பா கண்ணாடியைத் தட்டினார். "போதும், இறங்கு! சாப்பாடு ஆறுது!"

அவள் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். ஆவி விட்டு விட்டு வந்தது. வரவரச் சிறுத்தது. கடைசியாகப் பொட்டளவு படிந்து மறைந்தது.

அப்புறம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்துவிட்டு அவள் இறங்கினாள்.