கடைசியாக எப்போது

சக்கரம் தரையில் பட்டது. எழும்பியது. மறுபடி பட்டது. மறுபடி எழும்பியது.

மூன்றாம் முறைதான் விமானம் தரையில் தங்கியது.

அவர் வேலிப் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலே தெரிந்தது. மச்சான் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறான்.

இன்னும் இரண்டு சுற்று பாக்கி.

தொண்ணூறு நாள் பறக்காதவர் ஆள் ஏற்றுவதானால், முதலில் மூன்று தடவை தனியாக ஏறி இறங்க வேண்டும். ஃபிளையிங் கிளப் விதி. மச்சானிடம் அதில் பாதியைத்தான் சொல்லியிருந்தார். மூன்று தடவை ஏறி இறங்கிவிட்டுத்தான் ஆள் ஏற்றுவது, எல்லாரும் செய்வதுதான் என்று.

கூட வரட்டுமா என்று பயிற்சியாளர் கேட்டார். வேண்டாம் என்றுவிட்டார். மச்சான் பக்கத்தில் நின்றானே.

இரண்டாவது சுமார்.

மூன்றாவது பரவாயில்லை.

கொட்டகை முன்னால் நிறுத்தி அவர் இறங்கியதும் மச்சான் தீனதயாளன் சிரித்துக்கொண்டே வந்தான்.

"மூணு தபா எறங்கணும்னீங்க மாமா. மொதோ தபாவுலயே மூணையும் முடிச்சிட்டீங்களே."

அதில் விஷமில்லை. அக்காள் புருஷனைத் தம்பிக்காரன் கேலி செய்யாமல் வேறு யார் செய்வது.

தீனதயாளன் ஜோலார்பேட்டையில் ரயில் ஓட்டுகிறவன். இருபத்திரண்டு வருடம். வாரத்தில் கிடைக்கிற ஒரு ஓய்வு நாளில் பஸ் பிடித்து வந்திருக்கிறான். திருப்பத்தூரிலிருந்து மொரப்பூர் வரை, தான் ஓட்டுகிற தண்டவாளத்தை ஒரு தடவை மேலேயிருந்து பார்த்துவிட வேண்டும். கூட வேலை செய்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

சொல்லாமல் என்ன செய்வான். கல்யாணமோ காதுகுத்தோ, போன இடத்திலெல்லாம் வாராவாரம் பறக்கிறேன் என்றுதானே அவர் சொன்னது.

வாராவாரம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியது உண்மை. ஒரு ஞாயிறு காற்று. அடுத்த ஞாயிறு முதுகுவலி. அதற்கும் அடுத்த ஞாயிறு காரணமே தேவைப்படவில்லை. கேண்டீனில் உட்கார்ந்து டீ குடித்தார். மற்றவர்கள் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தார். வீட்டுக்குப் போனார்.

தீனதயாளன் ஏறி உட்கார்ந்தான். இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான். எதையும் தெரியாமல் தொட்டுவிடக் கூடாது. இன்னொருவர் ஓட்டுகிற இடத்தில் எப்படி உட்கார வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

ஏறுவதற்கு முன் விமானத்தை ஒரு சுற்று சுற்றிவந்து பார்க்க வேண்டும். இப்போதுதானே இறங்கினேன் என்று அவர் அதை விட்டுவிட்டார்.

ஓடுதளத்தின் முனையில் நிறுத்தி, சரிபார்க்கும் அட்டையை எடுத்து வாசித்தார். ஒவ்வொன்றையும் தீனதயாளன் ஹெட்ஃபோனில் திருப்பிச் சொன்னான். தொழில் பழக்கம். ரயிலில் ஒருவர் சிக்னல் பச்சை என்றால், மற்றவர் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் பச்சை என்று சொல்ல வேண்டுமாம்.

கதவு என்றார். கதவு என்றான்.

பெல்ட் என்றார். பெல்ட் என்றான்.

ஃபிளாப் மேலே என்றார்.

தீனதயாளன் ஜன்னல் வழியாக இறக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஃபிளாப் என்றால் எது, இறக்கைக்குப் பின்னால் தொங்குகிறதே அதுவா என்று கேட்டான்.

அதுதான். இறங்கும்போது முழுசாகக் கீழே சாய்த்தது. அப்படியே கிடந்தது. அந்தக் கோலத்தில் கிளம்பியிருந்தால் எதிரே நிற்கிற தைலமரங்களைத் தாண்டியிருப்பார்களா, அவருக்கே தெரியாது.

பார்க்காமலே மேலே என்று வாசித்திருந்தார்.

சுவிட்சைத் தட்டினார். தகடு மெதுவாக ஏறியது. ஏறி முடிகிறவரை இருவரும் அதையே பார்த்தார்கள்.

"இதுக்கு முன்னாடி கடைசியா எப்ப ஓட்டுனீங்க மாமா?"

இதில் கேலி இல்லை. ஒரு ஓட்டுநர் இன்னொரு ஓட்டுநரைக் கேட்கிற கேள்வி.

ஏழு மாசம் ஆகிறது என்றார். அவர் குரலே ஹெட்ஃபோனில் அவருக்கு யாரோ பேசுவதுபோலக் கேட்டது.

தீனதயாளன், ஒரு தடத்தில் மூன்று மாதம் ஓட்டாமல் விட்டால் நாங்களும் இன்னொருவரோடு போய் வழி பார்த்த பிறகுதான் ஓட்டுவோம் என்றான். அதிலொன்றும் தப்பில்லை என்றான். அந்தப் பயிற்சியாளர் சாரைக் கூப்பிட்டுக்கொள்ளலாமா, நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேனே என்றான்.

பயிற்சியாளர் கொட்டகை வாசலில்தான் நின்றார். கையை அசைத்தால் வந்துவிடுவார்.

அவர் விமானத்தைத் திருப்பினார். கொட்டகைக்கே கொண்டுவந்து எஞ்சினை அணைத்தார். கையை அசைக்கவில்லை.

கீழே இறங்கியதும் தீனதயாளனின் போன் அடித்தது. அக்காள். எதுவரைக்கும் போனீர்கள், ரயில் தெரிந்ததா என்று கேட்டாள்.

போகவில்லை என்றான். ஏறி உட்கார்ந்ததும் தலை சுற்றியது, பயந்துவிட்டேன் என்றான். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் சிரித்தது வெளியே கேட்டது. ஆயிரம் பேரை வைத்து ரயில் ஓட்டுகிறவனுக்கு மாமாவோடு போக என்ன பயம் என்று பிடித்துக்கொண்டாள். இனி சொந்தபந்தம் முழுக்க இதுதான் பேச்சு.

போனை அவரிடம் கொடுக்கச் சொன்னாள்.

தீனதயாளன் நீட்டினான். நீட்டிவிட்டு, அவர் சொல்லப்போவது காதில் விழ வேண்டாம் என்பதுபோலக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றான்.

"என்னங்க, நெஜமாவே பயந்துட்டானா?"

"ஆமா" என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"பழக்கம் இல்லல்ல. அதான்."