மாட்டேன் என்ற கோல்கீப்பர்

பயிற்சியாளர் மறுபடியும் வீடு தேடி வந்திருந்தார்.

"தடுப்பூசி போடாதவன் மைதானத்துக்குள்ளயே வரக்கூடாதுன்னுட்டாங்கப்பா. போட்டுக்கிட்டா நாளைக்கே உன்னை இறக்குறேன். இல்லேன்னா நிர்வாகம் உன் பேரையே எடுத்துடும்."

"எடுக்கட்டும் சார். என் உடம்பு, என் முடிவு," என்றான் கோல்கீப்பர்.

அவர் அவனுடைய மனைவியின் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லும்மா. நர்ஸா இருந்துக்கிட்டு ஊருக்கெல்லாம் ஊசி போடுறே."

"சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம் சார்." வேலையிலிருந்து வந்தவள் இன்னும் யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை.

பயிற்சியாளர் பெருமூச்சு விட்டுக் கிளம்பினார். அவள் கதவைச் சாத்திவிட்டு அவன் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"இந்த நாடகம் இன்னும் எத்தனை நாளைக்கு? உங்களுக்கு ரெண்டு ஊசியையும் போட்டதே நான்தான்."

"வேற என்ன பண்ணச் சொல்றே? முட்டி போயிடுச்சு. மைதானத்துல இறங்கினா பந்துக்குப் பாய முடியலைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும். லாயக்கில்லாம போனான்னு சொல்றதுக்கு, பிடிவாதத்துல போனான்னே சொல்லட்டும்."

அவள் நாற்காலியை அவன் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இன்னிக்கு என் வார்டுல ஒருத்தர் மூச்சு விட முடியாம கெடக்கார். ரெண்டு பொண்ணுங்களோட அப்பா. ஏங்க ஊசி போட்டுக்கலைன்னு கேட்டேன். பேப்பர்ல படிச்சேன், அவரே போட்டுக்கலையேன்னு உங்க பேரைச் சொன்னார்."

அவன் இரண்டு கைகளாலும் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான்.

"சாரைக் கூப்பிடு. தெருமுனை தாண்டியிருக்க மாட்டார்," என்றான். "முட்டியிலேர்ந்தே உண்மையைச் சொல்ல ஆரம்பிக்கிறேன்."