ஐந்தில் இல்லாதது

கொலை, களவு, தகாத உறவு, பொய். பௌத்தப் பஞ்ச சீலத்தில் நாலு சொல்லியாகிவிட்டது.

ஐந்தாவது, குடி. சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தவருக்கு அது மட்டும் வாயில் வரவில்லை.

எதிரே டில்லிபாபு. வெள்ளைச் சட்டை, மழித்த முகம், கூப்பிய கை. பக்கத்தில் அவன் பெண்டாட்டி கஸ்தூரி. ஷூ கம்பெனி நீலக் கோட்டோடு வந்திருந்தாள். இங்கிருந்து அப்படியே ஷிப்டுக்கு.

இவர் முதலில் சொல்ல வேண்டும். அவன் பின்னாலே சொல்ல வேண்டும். சீலம் எடுக்கிற முறை அது. பிக்கு கண் ஆபரேஷனுக்கு பெங்களூர் போயிருந்தார். பாலி வரி முழுக்க மனப்பாடமாக வருகிற ஆள் விகாரையில் இவர் ஒருத்தர்தான்.

வராமல் என்ன? கீழே விழுந்த சீட்டு ஒன்று விடாமல் ஞாபகம் வைத்துத்தானே சோறு தின்கிறார்.

வேலை பார்த்த தோல் ஷாப்பு மூடின நாளிலிருந்து மனமகிழ் மன்றத்து ரம்மி மேஜைதான் அவருக்குத் தொழில். கள்ள ஆட்டம் கிடையாது. சீலம் எடுத்த பிறகு ஒரு சொட்டு தொட்டதில்லை.

அதனாலேயே ஜெயித்தார்.

நல்லவனாக இருந்தால் நஷ்டம் என்பார்கள். நம்பாதீர்கள். நாலு பேர் குடித்துவிட்டு ஆடுகிற மேஜையில் குடிக்காதவனுக்குத்தான் காசு. தியானம் பழகியதும் அவருக்குக் கண் இன்னும் கூர்மையாகிவிட்டது.

டில்லிபாபு ஒரு குவார்ட்டர் போட்டால் கையிலிருக்கிற ஜோக்கரையே கீழே போடுவான். தெளிவாக இருந்தால் அவனை மிஞ்ச ஆளில்லை. தெளிவாக இருந்த நாள்தான் இல்லை.

அவன் குடியில்தான் இவர் வீட்டு அடுப்பு எரிந்தது.

முழங்கால் வலித்தது. காலை இந்தப் பக்கம் மாற்றினார். அந்தப் பக்கம் மாற்றினார்.

நாலோடு நிறுத்தி, சாது சாது என்று முடித்துவிட்டால்? பாலி யாருக்குத் தெரியும்?

கஸ்தூரிக்கு எண்ணத் தெரியும். நாலு விரல் மடக்கியிருந்தாள்.

"சுராமேரய மஜ்ஜ..." என்று ஆரம்பித்தார். விறுவிறுவென்று சொன்னார். அவன் திக்கித் திக்கிப் பின்னாலேயே வந்தான். வந்து சேர்ந்தும் விட்டான்.

போச்சு.

டில்லிபாபு சிரித்தான்.

"அண்ணா, அஞ்சுலயும் சீட்டு வரலையே! அப்போ சாயந்தரம் தெளிவா வந்து உக்கார்றேன். இத்தினி நாளா பாட்டிலைத்தானே ஜெயிச்சீங்க. இனிமே என்னை ஜெயிங்க, பாக்கலாம்."

கஸ்தூரி சிரிக்கவில்லை. அவரையே பார்த்தாள்.

"சூதாடக் கூடாதுன்னு அதுல இல்லையாண்ணா?"

இல்லை.

ஆகாத தொழில் எதெது என்று பிக்கு ஒருமுறை வரிசையாகச் சொன்னார். ஆயுதம் விற்பது, ஆளை விற்பது, இறைச்சி, சாராயம், விஷம். ரம்மி அதிலும் இல்லை. மேற்கொண்டு இவர் கேட்டதில்லை. கேட்டால் சொல்லித் தொலைத்துவிடுவார்.

இல்லை என்றால் அது சத்தியம். அவன் சாயந்தரம் வருவான். இன்றைக்கு ஜெயிப்பான், நாளைக்கு ஜெயிப்பான். என்றைக்கோ தோற்பான். தோற்றவன் நேரே எந்தக் கடைக்குப் போவான் என்று இவருக்குத் தெரியாதா?

இருக்கிறது என்றால் பொய். பொய் சொல்லமாட்டேன் என்று இப்போதுதான், இதே வாயால்.

மேஜையில் இப்படித் தவித்ததே இல்லை. எதைப் போடுவது, எதை வைப்பது என்று அங்கே கைக்கே தெரியும்.

அவளுக்கு ஷிப்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"ஆறாவது ஒண்ணு இருக்குதும்மா," என்றார்.

டில்லிபாபுவின் சிரிப்பு பாதியில் நின்றது. அவரை மேலும் கீழும் பார்த்தான். நம்பவில்லை. என்றாலும் மறுபடி கை கூப்பினான்.

"சொல்லுங்க. நீங்க சொன்னா நானும் சொல்றேன்."

பாலி வரவில்லை. இல்லாத வரிக்கு எங்கே போவது?

இனி சீட்டைத் தொடமாட்டேன் என்று முடிகிற வரியைத் தமிழிலேயே ஆரம்பித்தார்.

"நான்," என்றார்.

"நான்," என்றான் டில்லிபாபு.