கறுப்பு வயர் முதலில்

கார் கிளம்பிவிட்டது.

அடுப்படியில் தோசைத் திருப்பியோடு நின்றவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அது கிளம்பக் கூடாது. நேற்று மதியம் கணவர் கண்ணயர்ந்த நேரத்தில், பேட்டரியின் வயரைத் தன் கையாலேயே கழற்றிவைத்திருந்தாள்.

வாசலுக்கு ஓடினாள்.

போர்டிகோவில் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. கேட் பூட்டியே இருந்தது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்தார். இறங்கி வந்து செய்தித்தாளை எடுத்துக்கொண்டார்.

"புது பேட்டரி ஜம்முனு இருக்கு," என்றார்.

அவள் தலையை ஆட்டிவைத்தாள். உள்ளே தோசை கருகிப் போயிருந்தது.

பழைய பேட்டரியிடம் இந்த வித்தை பலித்தது. நட்டைத் தளர்த்தி, வயருக்கும் பேட்டரிக்கும் நடுவில் பால் பாக்கெட் உறையில் ஒரு துண்டைச் செருகி, பார்வைக்கு மாட்டியது போலவே விட்டிருந்தாள். மறுநாள் காலையில் அவர் சாவியைத் திருப்பினார். சத்தமே இல்லை. பானெட்டைத் திறந்து குனிந்து குனிந்து பார்த்தார். உறை அவர் கண்ணில் படவே இல்லை.

இதுகூடத் தெரியாத கண்ணோடுதான் அவர் தெருவில் வண்டி ஓட்டுகிறார்.

வண்டிக்கு வயசாகிவிட்டது, பேட்டரி போயிருக்கும் என்று அவரே முடிவு கட்டினார். அவள் உறையை உருவி எறியவும், பேட்டரிக் கடை சவரிமுத்து புதியதோடு வந்து இறங்கவும் சரியாக இருந்தது.

"பழசே இன்னும் கொஞ்ச நாள் வரும் போலருக்கே சார்," என்று சவரிமுத்து தயங்கினான்.

"மாத்துய்யா. நடு ரோட்ல நின்னுட்டா யாரு தள்றது?"

நல்ல பேட்டரியை அநியாயமாகப் போக்கடித்தோமே என்று அவளுக்கு வருத்தம். ஆனால் வேறு என்ன செய்வாள்? இனிமேல் ஓட்டாதீர்கள் என்று வாய்விட்டுச் சொல்ல முடியுமா? கல்யாணமான நாளிலிருந்து அவளைப் பக்கத்தில் வைத்து ஓட்டுகிற மனுஷர். மகனிடம் சொன்னால் போனில் கத்துவான். இவர் சாப்பிடாமல் படுத்துக்கொள்வார்.

சும்மா இருக்கவும் முடியவில்லை.

போன மாதம் கடைத்தெருவில், பள்ளிக்கூடச் சீருடையில் சைக்கிளில் வந்த அந்தப் பெண். இவள் "ஐயோ" என்று அலறிய பிறகுதான் அவர் பிரேக்கை மிதித்தார். சைக்கிள் சக்கரத்தைத் தொட்டபடி வண்டி நின்றது. அந்தப் பெண் விழவில்லை. அழவும் இல்லை. வெளுத்துப்போய் நின்றாள்.

"பாத்து வர மாட்டாங்களா," என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு இருவரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அதனால்தான் புது பேட்டரியிலும் கை வைத்தாள். சிவப்பு வயரில் ஸ்பேனரைப் போட்டுத் திருப்பும்போது, ஸ்பேனருக்கும் வண்டித் தகரத்துக்கும் நடுவில் வளையல் மாட்டிப் பொறி பறந்தது. மணிக்கட்டில் சுட்டுவிட்டது. இருந்தும் கழற்றி, முன்பு போலவே பால் உறையைச் செருகிவைத்தாள். அப்பளம் பொரிக்கையில் எண்ணெய் தெறித்ததாக அவரிடம் சொன்னாள். அவர் கையைப் பிடித்துக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். மருந்து தடவிவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை.

இவ்வளவு பட்டும், கார் கிளம்புகிறது.

மதியம் அவருடைய குறட்டை கேட்டதும் போய்ப் பார்த்தாள். வயர் கச்சிதமாக மாட்டியிருந்தது. நட்டு இறுகியிருந்தது. துருப்பிடிக்காமல் இருக்க மேலே வாஸ்லின் வேறு தடவியிருந்தது. பால் உறையைக் காணோம்.

நாம் கழற்றவே இல்லையோ?

மணிக்கட்டைப் பார்த்தாள். காயம் இருந்தது. அப்படியானால் கழற்றியது நிஜம். சவரிமுத்துவும் வரவில்லை. அவருக்கோ உறை கண்ணுக்கே தெரியாது. தனக்குத்தான் புத்தி பிசகிவிட்டதோ என்று பயந்தே போனாள்.

பயத்தோடு மறுபடியும் ஸ்பேனரைச் சிவப்பில் வைத்தாள்.

"அதத் தொடாத."

அவர் பின்னால் நின்றிருந்தார்.

தோளில் கிடந்த துண்டை எடுத்து, வளையல்களை மூடி அவள் மணிக்கட்டைச் சுற்றிக் கட்டினார். வளையலைக் கழற்றி வைத்துவிட்டு வேலை பார் என்று எந்த மெக்கானிக்கும் சொல்லியிருப்பான். தான் உயிரோடு இருக்கும்போது அந்த வார்த்தை அவர் வாயில் வராது.

"கறுப்பத்தான் மொதல்ல கழட்டணும். அது போயிட்டா அப்புறம் பொறி பறக்காது."

"நீங்கதான் திருப்பி மாட்டுனீங்களா?"

"ம்."

"எதுக்குங்க?"

"தெரியல," என்றார். உண்மையிலேயே தெரியாமல் முழித்தார். "கை வச்சுத் தடவுனப்பவே நீ கழட்டிருக்கேன்னு தெரிஞ்சுபோச்சு. மாட்டணும்னு தோணுச்சு. மாட்டிட்டேன்."

அவளுக்குக் கோபம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. எதை அடக்குவது என்று தெரியவில்லை.

"அன்னிக்கு அந்தப் பொண்ணு," என்றார். குரல் இறங்கியிருந்தது. "எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சு? நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். பிடிபடவே மாட்டேங்குது."

சந்திலிருந்து திடீரென்று வந்துவிட்டாள் என்று சொன்னால் போதும். மனுஷர் நிம்மதியாகிவிடுவார். சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"நேரா எதிர்லதாங்க வந்துச்சு."

அவர் ஸ்பேனரை வாங்கிக்கொண்டார்.

கறுப்பு வயரின் நட்டைக் கண்ணால் தேடவில்லை. விரலால் தடவிப் பிடித்துக் கழற்றினார். பிறகு சிவப்பு. பேட்டரியை வெளியே தூக்கும்போது அவளும் ஒரு பக்கம் பிடித்தாள். நல்ல கனம்.

"சவரிமுத்துவை வரச் சொல்லு," என்றார். "புதுசு. வேற யாரு வண்டிக்காவது ஆகும்."